கயாக்கில் ஆழத் தூண்டில்: கையால் செய்யும் தாங்கிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் மேற்குப் பகுதி மலை ஏரிகளிலும் கோடைக்காலத்தில் மீன்பிடிக்கச் செல்கிறவர்களுக்கு, மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்வதைவிட, அது இருக்கிற ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோய் அங்கேயே நிலைநிறுத்தி இழுத்துச் செல்வதுதான் என்றும் பெரிய பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது. அதற்குப் பரிகாரமாகத் தோன்றியது டவுன்ரிக்கர் என்னும் சாதனம். விசைப்படகுகளுக்காக உருவான இச்சாதனத்தை, ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக்கில் ஏற்றலாமா, ஏற்றுவதானால் எதன்மேல், எவ்விடத்தில், எம்முறையில் ஏற்றுவது என்பவற்றை ஒழுங்காக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாதனத்தைக் கயாக்கில் ஏற்றி வைக்கக் கடையில் விற்கும் தாங்கிகள் பல உண்டு. ஆயினும் ஒரு கயாக்கின் மேல்தளம் போல மற்றொன்றின் மேல்தளம் இருப்பதில்லையாதலால், தாங்கியைத் தம் கையாலேயே செய்துகொள்கிறவர்கள் அநேகர். அவ்வாறு செய்யப்படுபவற்றுள் நல்லவை இவை, அல்லாதவை இவை என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். தாங்கி எவ்வளவு பலமாக நிற்கிறது என்பது ஒன்றையே பார்ப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். சாதாரண வேலையில் அசையாமல் நிற்பதும், சாதனத்திலிருந்து நீருக்குள் தொங்கும் ஈயக்குண்டு அடித்தரையில் சிக்கிக்கொள்ளும் சந்தர்ப்பத்தில் எந்தப் பாகம் முதலில் அறவேண்டுமோ அந்தப் பாகம் மட்டும் அறும்படி அமைந்திருப்பதுமாகிய இரண்டு குணங்களும் ஒன்றுசேர்ந்ததே நல்ல அமைப்பு என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை முறையே காண்போம்.

சாதனமும் அதன் தேவையும்

டவுன்ரிக்கர் பார்வைக்கு எளிய பொருள். கம்பியோ பின்னிய கயிறோ சுற்றிய ஓர் உருளை, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி, கட்டுமீறிச் சுழன்றுவிடாதபடி தடுக்க ஒரு பிரேக், உருளையிலிருந்து வெளியே நீளும் ஒரு கை, கையின் நுனியில் ஒரு கப்பி, கப்பியின் வழியாகத் தொங்கும் ஓர் ஈயக்குண்டு, குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப்: இவ்வளவுதான் அதன் அங்கங்கள். மீன்பிடிப்பவர் தூண்டில் நரம்பைப் படகின் பின்னே சிறிது தூரம் விட்டு, அந்நரம்பை இந்தக் கிளிப்பில் கவ்வக் கொடுத்து, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குகிறார். படகு நகர நகரத் தூண்டிலும் அதே ஆழத்தில் பின்தொடர்கிறது. மீன் கவ்வி இழுத்த மாத்திரத்தில் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் மீனுக்கும் மனிதருக்கும் இடையே கனமான பொருள் எதுவும் இராது. குண்டின் பாரம் தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் பயன்பட்டு, மீனோடு போராடும் நேரத்தில் விலகிக்கொள்கிறது என்பதே இச்சாதனத்தின் தனிச்சிறப்பு.

ஆழம் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் நீரின் இயல்பிலேயே இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். ஆகையால் கோடையில் வெயிலால் சூடேறிய நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயுமாக ஏரி அடுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வெப்பம் மளமளவென்று இறங்கும் ஓர் இடை அடுக்கு உண்டு. சால்மன், டிரவுட் முதலிய குளிர்நீர் மீன்கள் ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி வரையுள்ள நீரையே விரும்புவதால், அவை இந்த இடை அடுக்கை ஒட்டியே திரிகின்றன. மேல்நீரில் தூண்டிலை இழுத்துக்கொண்டு நாள் முழுதும் அலைகிறவர், மீன் இல்லாத அடுக்கில் அலைகிறார்.

ஆழத்தை எட்ட வேறு வழிகள் இல்லாமலில்லை. ஈயம் உள்ளோடிய நரம்பு ஒன்று உண்டு. பத்துக் கெஜத்துக்கு ஒரு நிறமாகச் சாயமிட்ட அந்நரம்பு, மெதுவான ஓட்டத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. இருபது மீட்டர் இறங்க வேண்டுமானால் நூறு மீட்டருக்கு மேல் கனத்த நரம்பை வெளியே விட வேண்டும். சிறிய மீன் மாட்டினால் அது இழுப்பதே கைக்குத் தெரியாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழ்நோக்கிப் பாயும் தகடுகள் வேறு வகை. அவை மலிவானவை, ஆனால் தூண்டிற்கோலை ஓயாமல் இழுத்து வளைத்துக்கொண்டே இருக்கும். வேண்டிய ஆழத்தை நிச்சயமாக அறிந்து, அதே ஆழத்தில் மீண்டும் மீண்டும் தூண்டிலை நிறுத்தக்கூடிய சௌகரியம் டவுன்ரிக்கருக்கே உரியது. கோகனி என்னும், கடலுக்குச் செல்லாமல் ஏரியிலேயே வாழும் சால்மனின் வாய் மிகவும் மென்மையானது; கனமான நரம்போடு இழுத்தால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தாஹோ, பெண்ட் ஓரேய் போன்ற ஆழமான ஏரிகளில் கோகனி தேடுவோர், கயாக்கானாலும் டவுன்ரிக்கரை விடாமல் எடுத்துச் செல்வதன் காரணம் இதுவே.

பெரும்படகிலிருந்து கயாக்குக்கு

இச்சாதனம் பொதுமக்களிடையே பெருவழக்காகப் பரவியதற்கும் மிச்சிகன் ஏரியின் சரித்திரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கடலிலிருந்து புகுந்த லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி அந்த ஏரியின் டிரவுட் இனத்தை 1940களிலும் 1950களிலும் ஏறக்குறைய அழித்துவிட, வேட்டையாடும் பெருமீன் இல்லாத ஏரியில் ஏல்வைஃப் என்னும் சிறுமீன் அளவின்றிப் பெருகியது. அவற்றைத் தின்று வளரும் மீனை ஏரியில் விட வேண்டும் என்று முடிவு செய்த மிச்சிகன் மாநில மீன்வளத் துறை, ஹோவர்ட் டானர் தலைமையில் வகுத்த திட்டப்படி, 1966 வசந்தத்தில் கோஹோ சால்மன் குஞ்சுகளைப் பிளாட் ஆறு முதலியவற்றில் விட்டது. அடுத்த ஆண்டு சினூக் சால்மனும் விடப்பட்டது. 1967 இலையுதிர் காலத்தில் கோஹோ பெருத்துத் திரும்பி வந்தபோது, கைக்குக் கிடைத்த சிறு படகுகளில் ஏறி மக்கள் ஆயிரக்கணக்கில் ஏரிக்குள் இறங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று திடீரென்று எழுந்த புயலில் பல படகுகள் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தனர். நீரின் ஆழத்தில் இருக்கும் மீனின்மேல் வைத்த ஆசை, நீரின் மேலிருக்கும் ஆபத்தை மறக்கச் செய்துவிடக்கூடாது என்பதை அந்நிகழ்ச்சி எல்லாருக்கும் உணர்த்தியது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் டவுன்ரிக்கர் அவ்வேரிப் படகுகளின் வழக்கமான உபகரணமாயிற்று. மிச்சிகன் மாநிலத்தில் பிக் ஜான், வாக்கர் முதலிய கம்பெனிகளும், கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்காட்டியும் அதைச் செய்து விற்றன. அவ்விசைப்படகுகளில் நான்கைந்து கிலோ எடையுள்ள குண்டுகளும், ஒரு மீட்டருக்கு மேல் நீளும் கைகளும் சாதாரணம்.

கயாக்கின் வரலாறு வேறு பாதையில் சென்றது. டிம் நீமியர் என்பவர் 1971ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவின் மலிபூவில், உள்ளே நுழைந்து உட்காராமல் மேலே அமரும் வகைக் கயாக்கை உருவாக்கினார். கவிழ்ந்தாலும் நீர் புகுந்து மூழ்காத அவ்வகையே பிற்காலத்தில் மீன்பிடிக் கயாக்குகளுக்கு அடிப்படை ஆயிற்று. 1997இல் ஹோபி கம்பெனி காலால் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவை வெளியிட்டபோது, ஓட்டுகிறவரின் இரு கைகளும் விடுதலை பெற்றன. கைகள் விடுதலை பெற்ற பிறகே கயாக்கில் டவுன்ரிக்கர் வைப்பது சிலரின் பரீட்சையாக இருந்த நிலை மாறிப் பலருக்கும் கைகூடும் காரியமாயிற்று என்று சொல்லலாம். கானன், ஸ்காட்டி ஆகிய கம்பெனிகள் சிறு படகுகளுக்கென்று செய்யும், கையால் சுற்றும் சிறிய டவுன்ரிக்கர்களையே கயாக்கர்கள் பெரும்பாலும் வாங்குகிறார்கள். சாதனத்தை வாங்கிவிடலாம், அது உட்காரும் பீடத்தைத்தான் செய்தாக வேண்டும்.

விசைகளின் கணக்கு

தாங்கியைப் பற்றிப் பேசுமுன் அது எதைத் தாங்கப்போகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். கயாக்குக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரையுள்ள குண்டு போதுமானது. 2 கிலோ ஈயக்குண்டு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. நீருக்குள் அதன் எடை 1.8 கிலோவாகக் குறைந்துவிடும். இவ்வளவு சிறிய குண்டு, கயாக் மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பின்னால் இழுபட்டு மேலே வந்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், அவ்வேகத்தில் குண்டின்மேல் நீர் செலுத்தும் எதிர்விசை 90 கிராம் அளவேதான். 20 மீட்டர் நீளமும் 0.6 மில்லிமீட்டர் பருமனும் உள்ள கம்பியின்மேல் செலுத்தும் விசையோ 650 கிராமுக்கு மேற்படுகிறது! குண்டைப் பின்தள்ளுவது குண்டின் உருவமன்று, அதைத் தாங்கும் கம்பியின் நீளமும் பருமனுமே என்பது இதனால் விளங்கும். ஆகையால் குண்டின் எடையைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் கம்பிக்குப் பதில் மெல்லிய பின்னல் கயிற்றைச் சுற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். வேகம் ஒன்றரை மடங்கானால் எதிர்விசை இரண்டேகால் மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இந்த 1.8 கிலோ தாங்கியை என்ன செய்கிறது? டவுன்ரிக்கரின் கை நீண்டிருப்பதால் அது நெம்புகோலாகிவிடுகிறது. அடித்தகட்டின் போல்ட்டுகள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, கப்பி அவற்றிலிருந்து 45 சென்டிமீட்டர் வெளியே இருந்தால், பின்பக்கத்துப் போல்ட்டுகளை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 8 கிலோ ஆகும். இது பெரிதன்று. ஆனால் குண்டு அடித்தரையிலுள்ள பாறையிலோ மூழ்கிய மரத்திலோ சிக்கிக்கொண்டால், படகு நகரும் வேகமும் அலையின் எழுச்சியும் சேர்ந்து கம்பியை அது அறும் எல்லை வரை இழுக்கக்கூடும். வழக்கமான கம்பியின் பலம் 68 கிலோ. அந்த இழுப்பு கீழ்நோக்கி வந்தால் அதே போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை 300 கிலோவைத் தாண்டுகிறது. கயாக்கின் சுவர் நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பாலிஎதிலீன். அது தாங்காது, பிய்ந்துவிடும்.

ஒருவேளை தாங்கிவிட்டால் இன்னும் மோசம். கப்பி படகின் நடுக்கோட்டிலிருந்து 55 சென்டிமீட்டர் வெளியே இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண ஓட்டத்தில் குண்டின் பாரம், 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவே படகைச் சாய்க்கும். 68 கிலோ இழுப்பு நேராகக் கீழே இழுத்தால், அதே மனிதர் 47 சென்டிமீட்டர் விலகி உட்கார்ந்ததற்குச் சமம். அது கயாக்கின் பாதி அகலத்தையே தாண்டிய தூரம். அவர் அந்தக் கணத்தில் தண்ணீரில் இருப்பார். ஆற்றிலும் கடல் ஓதத்திலும் அபாயம் இன்னும் மிகுதி. சிக்கிய குண்டு நங்கூரமாகிவிட, ஓடும் நீர் படகைக் குறுக்காகத் திருப்பிக் கயிறுள்ள பக்கத்தைக் கீழே அமுக்கும். ஆகவே பலமான தாங்கியைச் செய்து முடித்தவர் பிரச்சினையின் ஒரு பகுதியைத் தீர்த்து, மற்றொரு பகுதியைப் பெரிதாக்கியிருக்கிறார்.

வழக்கிலுள்ள முறைகள்

கையால் செய்யும் தாங்கிகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தளத்தில் துளையிட்டு அடித்தகட்டை நேராகப் போல்ட்டால் இறுக்கும் முறை. தளத்தின் உட்புறம் கை எட்டும் இடமாயிருந்து, உள்ளே அகன்ற பின்தகடு ஒன்று வைத்து இறுக்கினால் இது உறுதியானது. கை எட்டாத இடங்களில் பலர் வெல்நட்டை நாடுகிறார்கள். ரப்பர் உறைக்குள் பித்தளை நட்டு பதித்த சிறு பொருள் அது; துளைக்குள் செருகித் திருகினால் ரப்பர் உட்புறம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். மீன் காணும் கருவி போன்ற இலேசான பொருள்களுக்கு அது ஏற்றது. டவுன்ரிக்கர் போல ஓயாமல் ஒரே திசையில் பிடுங்கும் பொருளுக்கு ஏற்றதன்று. நாளடைவில் ரப்பர் துளையின் விளிம்பில் தேய்ந்து, ஒருநாள் முழுவதுமாக உருவிக்கொண்டு வந்துவிடும். பசை வைத்து ஒட்டலாமே என்பார்க்கு, பாலிஎதிலீனில் சாதாரணப் பசைகள் பற்றுவதில்லை என்பதே விடை.

இரண்டாவது, கயாக்கின் விளிம்பிலுள்ள அலுமினிய டிராக்கில் டி-போல்ட்டை நழுவவிட்டு இறுக்கும் முறை. கழற்றவும் நகர்த்தவும் இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. ஆனால் டிராக்கின் பலம் அதைத் தளத்தோடு பிணைக்கும் திருகாணிகளின் பலமே. பல கயாக்குகளில் அவை பிளாஸ்டிக்கில் நேரே முறுக்கிய குறுகிய திருகாணிகளாக இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, ஊடுருவும் போல்ட்டும் உட்புறம் தகடும் வைத்தாலன்றி டவுன்ரிக்கருக்கு ஒற்றை டிராக்கை நம்பலாகாது.

மூன்றாவது, இருக்கைக்குப் பின்னே தளத்தில் பதிந்திருக்கும் தூண்டிற்கோல் குழிக்குள் ஒரு குழாயைச் செருகி, அதன் தலையில் பலகையை வைப்பது. துளையே இட வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. குறைகளோ மூன்று. குழி பின்னோக்கியும் வெளிநோக்கியும் சாய்ந்திருப்பதால் குழாயை வளைத்து நிமிர்த்த வேண்டும். குறுக்கே ஓர் ஊசி வைத்துத் தடுக்காவிட்டால் குழாய் குழிக்குள் சுழலும். எல்லாவற்றையும்விட, கைப்பிடியைச் சுற்றவும் கிளிப்பை மாட்டவும் ஒவ்வொரு முறையும் உடலைத் திருப்பிப் பின்னால் குனிய வேண்டும். கயாக்கில் மிகுந்த ஸ்திரமற்ற நிலை அதுவே.

நான்காவது, பின்பக்கத்துச் சாமான் குழியில் பால் டப்பாக்கள் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையைக் கட்டி, அதன் பக்கத்தில் பலகை பொருத்துவது. கூடையைப் பிடித்திருப்பது நெகிழும் ரப்பர்க் கயிறு. இழுப்பு வந்தால் கூடை சாயும். சாய்ந்த கூடை பாரத்தை இன்னும் வெளியே கொண்டுபோகும். தூண்டிற்கோல்களை வைப்பதற்கு அது போதும், இதற்குப் போதாது.

ஐந்தாவது, இருக்கைக்கு முன்னே, முழங்காலுக்கு அப்பால், கயாக்கின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு பலகையை இட்டு அதன்மேல் சாதனத்தை வைப்பது. இதுவே என் ஆராய்ச்சியில் முதலிடம் பெறுவது. இரு பக்கத்துப் பிடிப்புகளுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி இருந்து, கப்பி ஒரு பக்கப் பிடிப்புக்கு வெளியே 25 சென்டிமீட்டர் மட்டும் நீண்டால், அதே 1.8 கிலோ பாரம் மறுபக்கப் பிடிப்பை மேலே தூக்கும் விசை ஒரு கிலோவுக்கும் குறைவு. குறுகிய அடித்தகட்டில் 8 கிலோவாக இருந்தது இங்கே அநேகமாக மறைந்துபோகிறது. பலத்தைக் கூட்டுவதைவிட அடித்தளத்தை அகலப்படுத்துவது எவ்வளவு மேலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அத்துடன் உருளை, ஆழம் காட்டும் அளவுமானி, கிளிப் எல்லாம் கண்ணுக்கெதிரே, கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கும். துடுப்பின் வீச்சுக்கும் மிதிக்கும் முழங்காலுக்கும் இடைஞ்சலாகாதபடி இடத்தைத் தேர்ந்துகொள்வதே இதில் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம். உட்கார்ந்தபடியே கிளிப்பைத் தொட முடியாத அளவுக்குச் சாதனத்தின் கை நீளமாயிருந்தால் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆடும் குண்டை எட்டிப் பிடிக்கக் குனிகிறவர் படகை எளிதில் கவிழ்த்துவிடுவார்.

பொருளும் வேலைப்பாடும்

பலகைக்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. சமையலறையில் காய் நறுக்கும் பலகைக்குப் பயன்படும் கெட்டிப் பிளாஸ்டிக் நீரால் கெடாது, அறுக்கவும் துளையிடவும் இலகு. ஆனால் நெகிழ்வு மிகுதி. அதே கனமுள்ள நல்ல ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், அதைப்போல எட்டுப் பத்து மடங்கு விறைப்பானது. பிளாஸ்டிக்கையே விரும்புவோர் அதன் அடியில் நீளவாக்கில் ஓர் அலுமினிய மூலைப்பட்டையை முடுக்கிக்கொண்டால் குறை நீங்கும். 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு மூன்றிலும் மெல்லியது. கடல்நீரில் துருவேறா எஃகுப் போல்ட்டு அதைத் தொடும் இடங்களில் அரிப்பு உண்டாகுமாதலால், நடுவே நைலான் வாஷரும் கிரீஸும் அவசியம்.

பிளைவுட்டைத் தேர்ந்தவர் துளைகளில்தான் கவனம் முழுவதையும் செலுத்த வேண்டும். பலகை கெடுவது மேற்பரப்பிலிருந்து அன்று. துளையின் உட்சுவரில் வெளிப்படும் மரநார்கள் நீரைக் குடிப்பதிலிருந்துதான். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, அடிப்புறத்தை டேப்பால் மூடி, எப்பாக்சியை நிரம்ப ஊற்றி, அது இறுகியபின் அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளையிட்டால், போல்ட்டைச் சுற்றிலும் மரத்துக்குப் பதில் எப்பாக்சி வளையம் ஒன்று நிற்கும். நீர் மரத்தை எட்டாது. போல்ட்டை இறுக்கும்போது மரமும் நசுங்காது. அதன்பின் விளிம்புகளை உருட்டி இழைத்து, முழுப் பலகைக்கும் எப்பாக்சி பூசி, வெயிலைத் தடுக்கும் வார்னிஷ் கொடுத்தால் அப்பலகை பல ஆண்டு உழைக்கும்.

பலகையைக் கயாக்கோடு சேர்ப்பதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. பாலிஎதிலீன் வெப்பத்தால் விரிவது அலுமினியத்தைப்போலப் பல மடங்கு. குளிர்ந்த ஏரிக்கும் வெயிலில் நிற்கும் கார்க் கூரைக்கும் இடையே 30 டிகிரி வேறுபாடு ஏற்பட்டால், 60 சென்டிமீட்டர் அகலத்தில் கயாக்கின் தளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். மேலேயுள்ள அலுமினியத் தகடோ அரை மில்லிமீட்டரும் விரியாது. இரு பக்கமும் வட்டத் துளையிட்டு இறுக்கினால் இந்த வேறுபாடு முழுவதும் துளைகளின் விளிம்பைக் கடித்து, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ஒரு பக்கம் வட்டத் துளையும் மறுபக்கம் நீள்துளையுமாக அமைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. பாலிஎதிலீன் இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெகிழும் இயல்புடையது. சிறிய வாஷர் வைத்து முறுக்கிய இடத்தை ஒரு பருவம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், வாஷரின் உருவம் தளத்தில் கிண்ணம்போல் பதிந்திருப்பதும், அதே அளவுக்கு நட்டு தளர்ந்திருப்பதும் தெரியும். ஆதலால் அகன்ற வாஷர்களும் உட்புறம் பின்தகடும் வேண்டும். நைலான் பூண்ட நட்டுகளே தகும். ஆண்டுக்கொரு முறையாவது இறுக்கம் பார்க்க வேண்டும். பலகையை இருபக்கத்து டிராக்குகளிலும் கைத்திருகுக் குமிழ்களால் பிடிக்கச் செய்தால், கரையேறியதும் ஸ்பானர் இல்லாமலே கழற்றிவிடலாம்.

எது முதலில் அற வேண்டும்

குண்டு சிக்கிக்கொள்ளும்போது எந்தப் பாகம் முதலில் அற வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. தாங்கியே கழன்றுவிட வேண்டும் என்பது ஒன்று; பலகையை இலேசான பிடிப்புகளால் வைத்தால் ஆபத்தில் அது தானே பிடுங்கிக்கொண்டு போகும் என்பது அவ்வாறு சொல்வோரின் வாதம். ஆனால் எந்த இழுப்பில் பிடிப்பு விடும் என்பதை முன்னரே நிர்ணயிக்க முடியாது. விட்ட பலகை கம்பியோடு சேர்ந்து படகோட்டியின் மடியின்மேல் பாயும். சாதனமும் ஏரிக்குப் போகும். மற்றொரு கட்சியினர் தாங்கியைப் பலமாக்கி, குண்டுக்கும் கயிற்றுக்கும் இடையே வேண்டுமென்றே பலவீனமான ஒரு துண்டு நரம்பைக் கட்டச் சொல்கிறார்கள். என் சம்மதம் முழுவதும் இவர்களுக்கே. 15 கிலோவில் அறும் நைலான் நரம்பு ஒரு முழம் போதும். அந்த இழுப்பில் படகு சாய்வது, முன்சொன்ன 80 கிலோ மனிதர் 10 சென்டிமீட்டர் விலகியதற்கே சமம். பழகியவர் அதைச் சமாளித்துக்கொள்வார். குறுக்குப் பலகையின் மறுபக்கப் பிடிப்புக்கு அப்போது வரும் விசை 6 கிலோவுக்குச் சற்று அதிகம். அதை அது உணரவே உணராது. போவது ஓர் ஈயக்குண்டு மட்டும்.

இதற்குத் துணையாக மூன்று ஏற்பாடுகள் வேண்டும். பிரேக்கைக் குண்டு இறங்காமல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி வைத்தால், சிக்கிய கணத்தில் உருளை சுழன்று கயிற்றை விட்டுக்கொடுத்து, யோசிக்க அவகாசம் தரும். கயிற்றின் உள்முனையை உருளையில் வலுவான முடிச்சாகப் போடாமல், கடைசிச் சுற்று வந்ததும் கழன்று ஓடும்படி விட வேண்டும். கயிற்றை அறுக்கும் கத்தி உயிர்காப்புச் சட்டையிலேயே, எந்தக் கையாலும் எடுக்கும்படி இருக்க வேண்டும். பையின் அடியில் கிடக்கும் கத்தி இருந்தும் பயனில்லை. நைலான் நனைந்தாலும் வெயில் பட்டாலும் பலம் குறைவது இயல்பாதலால், அந்தத் துண்டு நரம்பை அடிக்கடி மாற்ற வேண்டும். பலம் குறைந்தால் அபாயம் இல்லை, குண்டு வீணாய்ப் போகும் என்பதே.

பரீட்சையும் முடிவும்

எந்தத் தாங்கியையும் ஆழமான நீருக்குக் கொண்டுபோகுமுன் கரையிலேயே பரீட்சிக்கலாம். கயாக்கைத் தரையில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, கப்பியிலிருந்து ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அதில் 15 லிட்டர் தண்ணீர் சிறிது சிறிதாக ஊற்றினால், அது 15 கிலோ இழுப்பாகிறது. பலகை எங்கே வளைகிறது, எந்த நட்டு அசைகிறது, தளம் எங்கே குழிகிறது என்பதெல்லாம் அப்போது கண்ணுக்குப் புலனாகும். துண்டு நரம்பைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்து, முடிச்சோடு சேர்ந்து அது எந்த எடையில் அறுகிறது என்று அறிந்துகொள்வதும் அவசியம். முடிச்சு நரம்பின் பலத்தைக் குறைக்கும். பின்னர் இடுப்பளவு நீரில், உயிர்காப்புச் சட்டை அணிந்து, நண்பர் ஒருவர் கயிற்றைக் கையால் கீழே இழுக்க, படகு எவ்வளவு சாய்கிறது, தாம் எவ்வளவு சமாளிக்க முடிகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் விரும்பும் 12 டிகிரி நீர் மனிதருக்குக் கொடியது. அந்நீரில் முதன்முதலாக இப்பாடத்தைக் கற்பது தகாது.

இவ்வளவும் பார்த்தபின், கயாக்கில் டவுன்ரிக்கர் வைப்பது வீண் ஆடம்பரம் என்றும், ஆபத்தான விளையாட்டு என்றும் சொல்வோரின் கூற்றை ஒப்புக்கொள்ள எனக்குக் காரணம் தென்படவில்லை. சிறிய குண்டும், மெல்லிய பின்னல் கயிறும், கை எட்டும் குறுகிய கையும், அகன்ற குறுக்குப் பலகையும், அளந்தறிந்த பலமுள்ள ஒரு முழ நரம்பும் சேர்ந்தால், பெரும்படகு வைத்திருப்பவர் எட்டும் மீனை மிதிகாலோடு செல்பவரும் எட்டலாம். வெல்நட்டையோ கூடையையோ நம்புகிறவர்கள், தாங்கியைப் புதிதாகச் செய்ய இப்போது வசதி இல்லையானாலும், இன்றைக்கே அந்தத் துண்டு நரம்பை மட்டுமாவது கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதைக் கட்டாமல் செய்த தாங்கி, எவ்வளவு நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தாலும், முடிவு பெறாத வேலையே ஆகும்.